வட்டு சொன்ன சொல்

2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஒரு சிறிய நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இட்ட வேலை எளியது. முன்பே தெரிந்த ஒரு பிட் வரிசையை 2 ஜிகாபைட் அளவுக்கு வட்டில் எழுத வேண்டும். திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். ஐந்து வாரங்களில், நூறு கணினிகளில், ஏறத்தாழ 500 முறை எழுதியது ஒன்றாகவும் வாசித்தது வேறாகவும் இருந்தது. அதே காலத்தில் அங்கே சேமித்து வைத்திருந்த 33,700 கோப்புகளை, மொத்தம் 8.7 டெராபைட், எடுத்து மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 22 கோப்புகள் ஒத்துவரவில்லை. ஆயிரத்து ஐந்நூறு கோப்புக்கு ஒன்று கெட்டிருந்தது. பெர்ண்ட் பான்சர்-ஸ்டைண்டல் அந்த ஆண்டு ஏப்ரலில் எழுதிய அறிக்கையில் இந்த எண்கள் இருக்கின்றன. இதில் கவலைக்குரியது கெட்டுப்போன எண்ணிக்கை அன்று. வட்டு எதையும் கெட்டுப்போனதாகச் சொல்லவில்லை என்பதுதான் கவலை. எழுதச் சொன்னபோது எழுதிவிட்டேன் என்றது. கேட்டபோது இதோ என்று எடுத்துக் கொடுத்தது. கொடுத்தது வேறு பொருள்.

கோப்பு முறைமைகளின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவும் கொள்ளளவின் வரலாறாகவும் எழுதுவதே வழக்கம். யாருடைய சொல்லை யார் நம்பினார்கள் என்ற கோணத்தில் அதை எழுதினால்தான் அதன் உள்சிக்கல் தெரியும் என்பது என் எண்ணம். வட்டின் சொல்லைச் சந்தேகிக்கத் தேவையான கணிதம் 1950-லேயே கைக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைக் கோப்பு முறைமைக்குள் முழுமையாகக் கட்டிவைத்தது 2005-இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அறிவு குறைவாக இருந்ததில்லை. சரிபார்ப்பு நடந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அது பொருளைவிட்டுக் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்த்தது; சாட்சியைக் குற்றஞ்சாட்டப்பட்டவன் வீட்டிலேயே குடிவைத்தது.

கணிதத்திலிருந்து தொடங்கலாம். பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் 1947-இல் வார இறுதிகளில் ரிலே கணினி ஒன்றில் தம் கணக்குகளை ஓடவிட்டுப் போவார். அந்த இயந்திரத்துக்குத் தான் தவறுவதைக் கண்டுபிடிக்கத் தெரியும், திருத்தத் தெரியாது. வார நாளாக இருந்தால் இயக்குபவர் வந்து சரிசெய்வார். ஆளில்லாத வார இறுதியில் பிழை கண்ட கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். இரண்டு வாரம் அடுத்தடுத்து வேலை பாழான எரிச்சலில், பிழை இருப்பதை அறிய முடிகிற இயந்திரத்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஏன் அறிய முடியாது என்று யோசித்தார். 1950-இல் வெளியான அவருடைய கட்டுரை பிழைதிருத்தக் குறியீடுகளின் முதல் அடித்தளம். 1952-இல் வந்த ஐபிஎம் காந்த நாடாவில் ஆறு தரவுத் தடங்களுக்குப் பக்கத்தில் ஏழாவதாக, பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பாரிட்டித் தடம் ஓடியது. 1961-இல் வெஸ்லி பீட்டர்சன் இன்னும் நுட்பமாகப் பிழை காணும் சிஆர்சி முறையை வகுத்தார். பின்னர் வட்டின் சிறு துண்டான ஒவ்வொரு செக்டரின் வாலிலும் பிழைதிருத்தப் பிட்டுகள் ஒட்டிக்கொண்டன. கம்பியிலும் நாடாவிலும் தட்டிலும் ஒவ்வொரு கண்ணியும் தன்னளவில் காவலோடு இருந்தது. கண்ணிதோறும் காவல் இருந்தால் சங்கிலி முழுவதும் பத்திரம் என்ற நம்பிக்கை அப்படித்தான் வேரூன்றியது.

அந்த நம்பிக்கை பிசகு என்பதற்கு எம்ஐடியில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. அதைச் சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1980-களின் தொடக்கத்தில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே பல வலையமைப்புகளை இணைத்த இடைக்கணினிகளுக்கு நடுவே ஒவ்வொரு தாவலிலும் செக்சம் எனப்படும் சரிபார்ப்புத் தொகை இருந்தது. கம்பியில் கெடுவது எதுவும் தப்ப முடியாது. ஆனால் ஓர் இடைக்கணினி, வந்த பொட்டலத்தைத் தன் நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும்போது, பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. உள்ளே வந்தபோது செக்சம் சரி. வெளியே போனபோது கெட்ட தரவுக்குப் புதிதாகக் கணக்கிட்ட செக்சமும் சரி. இரண்டு காவல்களுக்கும் நடுவில், காவலில்லாத நாலு முழ இடத்தில் திருட்டு நடந்தது. ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் திரும்பத் திரும்ப அந்த வழியாகவே போய்வந்தன. கடைசியில் அவற்றின் சொந்தக்காரர்கள் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்துவைத்து, வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்தினார்கள். தொடக்கத்தில் எழுதியவரும் இறுதியில் வாசிப்பவரும் தாங்களே ஒப்பிட்டுக்கொள்ளாத வரை, நடுவில் எத்தனை காவல் வைத்தாலும் முழுமை இல்லை என்பது அந்தக் கட்டுரையின் வாதம். வலையமைப்புக்காரர்கள் அதை வேதமாகவே ஏற்றுக்கொண்டார்கள். கோப்பு முறைமை கட்டியவர்கள் ஏற்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த இருபது ஆண்டுகளில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் கணினி நடுவழியில் நின்றுவிட்டால் ஐசெக், டிசெக் என்ற தனித்தனி நிரல்களை ஓட்டி, அவை கொட்டும் எண்களைப் படித்து, இயக்குபவர் கையாலேயே பழுது பார்க்க வேண்டும். தவறான எண்ணைத் தட்டினால் இருந்ததும் போகும். 1970-களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுக்கூடத்தின் கோவால்ஸ்கி இவற்றை எஃப்எஸ்சிகே என்ற ஒரே நிரலாக்கினார். பெர்க்லியில் மெக்குசிக் தாம் எழுதிய வேகமான கோப்பு முறைமைக்கு ஏற்ப அதை வளர்த்தெடுத்தார். இரண்டு கோப்புகள் வட்டின் ஒரே துண்டை, அதாவது ஒரே பிளாக்கை, தம்முடையது என்கின்றனவா, கோப்புறையில் இருக்கும் பெயருக்கு உரிய கோப்பு உண்டா, எண்ணிக்கைகள் பொருந்துகின்றனவா, காலி என்று எழுதியிருப்பது உண்மையில் காலிதானா என்று அது கட்டம் கட்டமாகப் பார்க்கும். பெயரிழந்து தனியாக நிற்கும் கோப்புகளை லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற கோப்புறையில் சேர்த்து வைக்கும். அற்புதமான கருவி, எத்தனையோ பேரின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது கொடுத்தது வில்லங்கச் சான்றிதழ் மட்டுமே. இந்த மனைக்கு இரண்டு பேர் பத்திரம் வைத்திருக்கவில்லை, எல்லைகள் சரி என்று சொல்லும். மனையில் நிற்கும் வீட்டைக் கரையான் அரித்துவிட்டதா என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. கோப்புக்குள் இருக்கும் எழுத்துகள் எழுதியபடிதான் இருக்கின்றனவா என்று எஃப்எஸ்சிகே ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் எதுவும் இல்லை.

வட்டுகள் பெருத்தபோது இந்தச் சோதனையே மணிக்கணக்கில் நீண்டது. அதற்கு மாற்றாக ஜர்னல் வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்தால், நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து நொடிகளில் சீராக்கிவிடலாம். 1990-இல் ஐபிஎம்மின் ஜேஎஃப்எஸ், 1994-இல் எஸ்ஜிஐயின் எக்ஸ்எஃப்எஸ், 2001-இல் லினக்ஸின் எக்ஸ்ட்3 எல்லாம் இந்த வழியில் வந்தவை. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. பழைய காலத்தில் ஒவ்வொரு திடீர் நிறுத்தத்துக்குப் பிறகும் யாராவது கணக்குப் புத்தகத்தையாவது முழுக்கப் புரட்டினார்கள். ஜர்னல் வந்தபின் அதுவும் நின்றது. ஆண்டுக்கணக்கில் யாரும் வாசிக்காத பிளாக்குகள், யாரும் பார்க்காமலே கெடத் தொடங்கின.

இந்த இடத்தில் இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, வட்டுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்பது. வட்டின் விவரத்தாளில் கோடிக்கோடி பிட்டுகளுக்கு ஒன்றுதான் வாசிக்க முடியாமல் போகும் என்று போட்டிருக்கும். அந்த எண்ணே ஏறத்தாழ 12 டெராபைட்டுக்கு ஒன்று என்று ஆகிறது. இன்று ஒரே வட்டு அதைவிடப் பெரிது. அது போகட்டும். அந்த எண், வாசிக்க முடியவில்லை என்று வட்டு ஒப்புக்கொள்ளும் பிழைகளுக்கு மட்டுமே உரியது. ஒப்புக்கொள்ளாத பிழைக்கு விவரத்தாளில் இடமே இல்லை. இரண்டாவது மறுப்பு, தரவைப் பல வட்டுகளில் பரப்பிக் காக்கும் ரெய்டு இருக்கிறதே என்பது. 1988-இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் முன்வைத்த ரெய்டு, வட்டு செத்தால் செத்தேன் என்று சொல்லிவிட்டுச் சாகும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஐந்து பேர் கணக்கின் கூட்டுத்தொகை தெரிந்து, ஒருவர் வரவில்லை என்றால், அவருடைய எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். ஐந்து பேரும் வந்து ஒருவர் பொய் சொன்னால், தொகை ஒத்துவரவில்லை என்று மட்டுமே தெரியும். பொய் யாருடையது என்று தெரியாது. அன்றாட வாசிப்பில் பெரும்பாலான ரெய்டுகள் அந்தத் தொகையைக்கூடக் கூட்டிப் பார்ப்பதில்லை. இன்னும் மோசமாக, லினக்ஸின் மென்பொருள் ரெய்டு-5-இல் பழுதுநீக்கக் கட்டளை கொடுத்தால், அது தரவு சரி என்றே கொண்டு, பாரிட்டி எனப்படும் அந்தத் தொகையை மாற்றி எழுதும். கெட்டது தரவாக இருந்தால், அதை மீட்கக் கூடிய ஒரே சான்றும் அத்தோடு அழியும்.

பெரிய சேமிப்பகங்களில் இப்படிக் கெட்டதைத் துப்புத் துலக்குவதே தனிக் கலை. இதில் கைதேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது காயத்தின் வடிவத்தை. ஒரே ஒரு பிட் மட்டும் தலைகீழாகியிருந்தால் சந்தேகம் நினைவகத்தின் மேல் போகும். 1970-களின் இறுதியிலேயே சில்லுகளின் உறையிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் நினைவகப் பிட்டுகளைப் புரட்டுவதை இன்டெல் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். 512 அல்லது 4,096 பைட் அளவில், எல்லைக்கோட்டில் கச்சிதமாக வெட்டினாற்போல் கெட்டிருந்தால் வட்டின் செக்டரையோ இயங்குதளத்தின் பக்கத்தையோ நோக்க வேண்டும். 64 கிலோபைட் துண்டாகப் போயிருந்தால் ரெய்டு கன்ட்ரோலர். இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு கோப்பின் துண்டு இருந்தால், எழுத்து விலாசம் மாறிப் போயிருக்கிறது. அதே கோப்பின் பழைய வடிவம் இருந்தால், எழுதிவிட்டேன் என்று சொன்ன வட்டு எழுதவே இல்லை. வடிவம் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. அதனால் ஒரே வகைக் காயம் எந்தெந்த இயந்திரங்களில், எந்தத் தொகுதி வட்டுகளில், வட்டின் உள்நிரலான ஃபெர்ம்வேரின் எந்தப் பதிப்பில் வருகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். செர்னில் கண்ட பிழைகளில் 80 விழுக்காடு 64 கிலோபைட் வகை. வட்டின் ஃபெர்ம்வேரும் ரெய்டு கன்ட்ரோலரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததில் போய் அந்தத் தடம் முடிந்தது. மூவாயிரம் வட்டுகளில் ஃபெர்ம்வேரை மாற்ற வேண்டியிருந்தது. வட்டும் பழுதில்லை, கன்ட்ரோலரும் பழுதில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பழுது. ஒற்றைக் கணினி வைத்திருப்பவர் ஆயுள் முழுக்கத் தேடினாலும் இதைக் கண்டிருக்க மாட்டார். பேரளவுதான் இந்த நோயைக் கண்ணுக்குத் தெரியவைத்தது.

காணாமல் போன எழுத்தும் விலாசம் மாறிய எழுத்தும்தான் என் வாதத்தின் நடுப்பகுதி. செக்சத்தைத் தரவோடு சேர்த்தே, அதே பிளாக்கின் வாலில் எழுதுகிறோம் என்று வையுங்கள். வட்டு அந்த எழுத்தை விழுங்கிவிட்டது. அங்கே இருப்பது நேற்றைய தரவு; கூடவே நேற்றைய செக்சம். இரண்டும் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தும். விலாசம் மாறிப் போன எழுத்திலும் அதே கதை: தவறான இடத்தில் சரியான தரவு, அதற்குரிய சரியான செக்சத்தோடு. செக்சம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் பயனில்லை. அது என்ன கணிதம் என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. பெருநிறுவனச் சேமிப்புக் கருவிகள் செய்தவர்கள் இதைப் பாதி உணர்ந்திருந்தார்கள். 512 பைட் செக்டரை 520 ஆக்கி, மிகுதி எட்டு பைட்டில் செக்சத்தோடு அந்த பிளாக்கின் அடையாளத்தையும் எழுதினார்கள். விலாசம் மாறினால் இதில் பிடிபடும். விழுங்கிய எழுத்துக்கு இதுவும் போதாது. இதுபோன்ற ஏற்பாட்டோடு இயங்கிய 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதம் கவனித்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. நெட்ஆப் கருவிகளில் நடந்த அந்த ஆய்வு, நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் பொருந்தாமைகளைக் கண்டது. மலிவான வட்டுகளில் 0.66 விழுக்காடும் விலையுயர்ந்தவற்றில் 0.06 விழுக்காடும் முதல் 17 மாதத்துக்குள் குறைந்தது ஒருமுறையாவது இப்படித் தவறின. பிழைகளில் சராசரியாக 8 விழுக்காடு, ஒரு வட்டு செத்து மற்றவற்றிலிருந்து மீட்டெடுக்கும் நேரத்தில்தான் வெளிப்பட்டன. துணைக்கு வேறு பிரதி இல்லாத, மிகவும் மோசமான நேரம் அது.

சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் 2001-இல் தொடங்கி, 2005 அக்டோபர் 31 அன்று சோலாரிஸ் இயங்குதளத்தின் மூலத்தில் சேர்த்த இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை செய்தது இதைத்தான்: சாட்சியை வேறு வீட்டுக்கு மாற்றியது. ஒவ்வொரு பிளாக்கின் செக்சமும் அந்த பிளாக்கில் இருக்காது. அதைச் சுட்டும் தாய் பிளாக்கில், சுட்டியோடு சேர்ந்து இருக்கும். தாயின் செக்சம் அதன் தாயிடம். இப்படி மேலே மேலே போய், உச்சியிலுள்ள ஒரே பிளாக்கில் முடியும். ரால்ஃப் மெர்க்கிள் 1979-இல் வேறு காரணத்துக்காக வகுத்த மர அமைப்பு இது. பிள்ளை பிளாக்கை வட்டு எழுதாமல் விட்டாலும், இடம் மாற்றி எழுதினாலும், தாயிடம் இருக்கும் எண்ணோடு அது பொருந்தாது. வாசிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஒப்பீடு நடக்கிறது. பொருந்தாவிட்டால் மறு பிரதியை எடுத்து, அது பொருந்துகிறதா என்று பார்த்து, கெட்டதன் மேல் நல்லதை எழுதுகிறது. ரெய்டால் சொல்ல முடியாத, பொய் யாருடையது என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. யாரும் வாசிக்காமல் கிடப்பவற்றையும் அவ்வப்போது முழுக்க வாசித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப் என்ற வேலையும் கூடவே வந்தது. ஜர்னல் காலத்தில் நின்றுபோன புரட்டல், இப்போது பொருளையும் தொட்டுப் பார்க்கும் புரட்டலாகத் திரும்பிவந்தது.

இதற்கும் எதிர்வாதம் உண்டு, அதை எளிதாகத் தள்ள முடியாது. முழுமைச் சோதனை விளிம்பில்தான் இருக்க வேண்டும் என்று எம்ஐடி கட்டுரையே சொல்கிறதே. அப்படியானால் கோப்பை எழுதும் மென்பொருள்தானே அதைச் செய்ய வேண்டும், கோப்பு முறைமை ஏன் சுமக்க வேண்டும்? எக்ஸ்ட்4 2012-இலும் எக்ஸ்எஃப்எஸ் அடுத்த ஆண்டும் செக்சத்தைச் சேர்த்தபோது, தங்கள் உட்கணக்குகளுக்கு மட்டுமே சேர்த்தன. பயனரின் தரவைத் தொடவில்லை. 2017-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ்ஸும் அப்படியே. மைக்ரோசாஃப்டின் ரீஎஃப்எஸ் வேண்டுமானால் வைத்துக்கொள் என்று விட்டது. தரவுத்தளம் போன்ற பெரிய மென்பொருள்கள் தம் பக்கங்களுக்குத் தாமே செக்சம் வைத்திருப்பதால் இந்த முடிவில் நியாயம் இருக்கிறது. செர்னும் தன் சேமிப்பகத்தில் கோப்புக்குக் கோப்பு செக்சம் வைத்துக் காக்கிறது. ஆனால் புகைப்படத்துக்கும், பாட்டின் ஒலிப்பதிவுக்கும், ஆராய்ச்சி மாணவரின் எண் அட்டவணைக்கும் அப்படி யாரும் காவலில்லை. அவற்றை எழுதிய நிரல் வழக்கொழிந்த பிறகும் கோப்பு இருக்கும். கெட்ட கோப்பு காப்புப் பிரதிக்குள் சத்தமின்றிப் போய், சுழற்சியில் பழைய நல்ல பிரதியை அழித்துவிடும். இழப்பு தெரியும் நாளில் மீட்க எதுவும் மிஞ்சாது. கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் காவல் வைத்த இந்த முறைமைகள் எஃப்எஸ்சிகே காலத்து வில்லங்கச் சான்றிதழையே இன்னும் உறுதியாக முத்திரையிட்டுத் தருகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேகம் குறையும் என்ற வாதமும் 2008-க்குப் பிறகு வலுவிழந்தது. சிஆர்சி கணக்கிடத் தனிக் கட்டளையே இன்டெல் செயலிகளுக்குள் வந்துவிட்டது.

இசட்எஃப்எஸ்ஸின் காவலும் செக்சம் கணக்கிடும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. 2010-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் அதை வேண்டுமென்றே காயப்படுத்திப் பார்த்தபோது, வட்டில் செய்த சேதங்களை அது நன்றாகவே தாங்கியது. நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டியபோது தடுமாறியது. செக்சம் கணக்கிடும் முன்பே கெட்டுவிட்ட தரவுக்கு, கெட்ட தரவின் செக்சமே உண்மைச் சான்றாகப் பதிவாகும். எம்ஐடியின் அந்த இடைக்கணினியில் நடந்ததற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. பிழைதிருத்தும் நினைவகம் போட வேண்டும் என்று சேமிப்பகம் கட்டுபவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரை, நினைவகப் பலகைகளில் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கு மேல் பிழை காண்கின்றன என்று காட்டியது.

வட்டுக்கும் நினைவகத்துக்கும் காவல் வைத்தபின் 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஒரு நிகழ்வு இந்த வரலாற்றை இன்னொரு படி உள்ளே கொண்டுபோனது. சுருக்கி வைத்திருந்த கோப்புகளை விரிக்கும் அமைப்பு ஒன்றில் சில கோப்புகள் காணாமல் போயின. எந்த வட்டும், எந்த நினைவகமும், எந்த செக்சமும் பிழை சொல்லவில்லை. தேடிப் போனதில், ஒரு கணினியின் செயலியில் 59-ஆம் கோர் மட்டும், 1.1-இன் 53-ஆம் அடுக்கை முழு எண்ணாகக் கணக்கிட்டால் 156 என்பதற்குப் பதில் 0 என்றது. கோப்பின் அளவு பூச்சியம் என்று விடை வந்ததால், விரித்து எழுத ஒன்றுமில்லை என்று நிரல் நகர்ந்துவிட்டது. எழுதாத கோப்புக்குத் தாய் பிளாக்கில் செக்சம் ஏது? அதே ஆண்டு கூகுள் ஆய்வாளர்களும் சில ஆயிரம் கணினிகளுக்கு ஒருசில கோர்கள் இப்படிச் சத்தமின்றித் தவறாகக் கணக்கிடுவதை எழுதினார்கள். இப்போது பேரளவுத் தரவு மையங்களில், வேலையில் இருக்கும் செயலிகளுக்கு இடையிடையே விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, திரும்பி வரும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். செர்னின் அந்தச் சிறு நிரல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வட்டிடம் கேட்ட அதே கேள்விதான்.